மறைப்பதா? மீட்பதா?

நற்காட்சிக்கு அங்கங்கள் எட்டு என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. அவற்றுள் ஐந்தாவது உபகூஹனம். அறியாமையாலும் இயலாமையாலும் ஒருவரிடம் நேரும் குற்றத்தை ஊரறியத் தூற்றாமல், அதனால் அறநெறிக்கே பழி வாராதபடி மூடிக் காத்தல் அதன் பொருள். ஆறாவது ஸ்திதிகரணம். நெறியினின்று வழுவுவோரைத் தாங்கிப் பிடித்து மீண்டும் அந்நெறியில் நிலைநிறுத்துதல் அதன் பொருள்.

இவ்விரண்டு அங்கங்களும் அடுத்தடுத்து வைத்து எண்ணப்படுகின்றன. முன்னதைக் கைக்கொண்டு பின்னதை விட்டுவிட்டால் என்ன நேரும்? இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. வளர்ந்துவரும் பிள்ளைகள் உள்ள ஒவ்வோர் இல்லத்தின் வாயிலிலும் இன்று வந்து நிற்கும் கேள்வி இது. போதைப்பொருள் என்னும் கொடுமை இதனைக் கொணர்ந்து நிறுத்தியிருக்கிறது.

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நிலபுலமும் ஆசிரியப் பணியுமாக மதிப்புடன் வாழும் குடும்பம் எனக் கொள்வோம். மேல்நிலைப் படிப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்த மகன் நகரத்துக் கல்லூரி ஒன்றின் விடுதியில் சேர்கிறான். ஓராண்டில் அவன் போக்கு மாறுகிறது. விடுமுறைக்கு வந்தால் பகலெல்லாம் உறங்குகிறான், இரவெல்லாம் விழித்திருக்கிறான். பணம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் பெருகுகின்றன. ஒருநாள் பெற்றோர்க்கு உண்மை தெரிகிறது. அப்போது தந்தையின் நெஞ்சில் முதலில் எழும் எண்ணம் எது? "இது வெளியே தெரிந்தால் என்னாகும்? மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். நம் சமூகமோ சிறியது. எல்லோரும் எல்லோருக்கும் உறவு." எனவே கதவு சாத்தப்படுகிறது. மகனிடம் கெஞ்சுகிறார்கள், அழுகிறார்கள், சத்தியம் வாங்குகிறார்கள். கேட்போர்க்கு "மஞ்சள் காமாலை" என்று விடை சொல்லப்படுகிறது. மருத்துவரிடம் மட்டும் செல்வதில்லை.

அத்தந்தை தீயவர் அல்லர். தம் செயல் உபகூஹனம் என்றே அவர் நம்பவும் கூடும். அந்நம்பிக்கை சரியானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீமை எவ்வளவு அருகில் உள்ளது?

போதைப்பொருள் என்றவுடன் நம்மிற் பலர்க்குப் பெருநகரத்தின் இருண்ட சந்துகளே நினைவுக்கு வருகின்றன. உண்மை நிலை வேறு. இந்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2019-ஆம் ஆண்டு வெளிவந்தன. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவோர் என்றும், 2.8 விழுக்காட்டினர் கஞ்சா முதலியவற்றைப் பயன்படுத்துவோர் என்றும், 2.1 விழுக்காட்டினர் அபின், ஹெராயின் போன்றவற்றையும் அவ்வினத்தைச் சேர்ந்த வலிநீக்கி மருந்துகளையும் பயன்படுத்துவோர் என்றும் அவ்வாய்வு கூறிற்று.

பெற்றோர் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தியும் அதில் உண்டு. எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவம், மிதிவண்டிக் குழாய் ஒட்டும் சொல்யூஷன், பெயிண்ட் தின்னர் ஆகியவற்றின் ஆவியை முகர்ந்து மயங்கும் பழக்கம் பெரியவர்களை விடச் சிறுவரிடமே மிகுதி. ஏறக்குறைய 4.6 லட்சம் சிறுவர்க்கு இப்பழக்கத்தினின்று மீள உதவி தேவைப்படுகிறது என அவ்வாய்வு மதிப்பிட்டது. இப்பொருள்களை வாங்க இருண்ட சந்துக்குச் செல்ல வேண்டியதில்லை. எழுதுபொருள் கடையும் சைக்கிள் கடையும் போதும். இவ்வாவி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, முதன்முறை முகர்ந்தபோதே உயிரைப் பறிப்பதும் உண்டு.

உதட்டின் இடுக்கில் அடக்கிக்கொள்ளும் வாசனைப் புகையிலைப் பொட்டலங்கள் பள்ளி மாணவரிடையே பரவியிருப்பதை 2024-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலையுடன் விசாரித்தது. கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளைக் கரைத்து ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளும் கொடிய பழக்கமும் தமிழ்நாட்டு இளைஞர் சிலரிடம் புகுந்துள்ளது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எய்ட்ஸ் நோய்க் கிருமியும் கல்லீரலைத் தாக்கும் கிருமிகளும் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குச் செல்கின்றன.

இளமை ஏன் எளிதில் இரையாகிறது?

வளரிளம் பருவத்தினர் பெரியவரை விட அறிவில் குறைந்தவர் அல்லர். எனினும் அவர்தம் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. இன்பத்தை நாடித் துள்ளும் பகுதி பதினான்கு, பதினைந்து வயதிலேயே முழு வேகத்துடன் இயங்குகிறது. பின்விளைவை எண்ணிக் "கூடாது" என்று தடுக்கும் நெற்றிப்புறப் பகுதியோ ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. குதிரை வளர்ந்துவிட்டது, கடிவாளம் இன்னும் முழுமையாகவில்லை. அதனால்தான் தொடங்கும் வயது பெரிதும் கருதத்தக்கதாகிறது. அமெரிக்க நாட்டில் 1997-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றின்படி, 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அவ்வாறு ஆனோர் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரே.

போதைப்பொருள் உடலில் புகுந்ததும் மூளையில் டோப்பமின் என்னும் பொருள் இயல்புக்கு மீறிச் சுரக்கிறது. உணவும் நட்பும் விளையாட்டும் படிப்பில் பெறும் வெற்றியும் தரும் மகிழ்ச்சி அதன்முன் மங்கிப் போகிறது. சிலகாலம் சென்றபின் மூளை அம்மிகையை இயல்பாக ஏற்றுக்கொண்டுவிடுவதால் பழைய அளவு போதாமற் போகிறது, அளவு கூடுகிறது. நிறுத்தினாலோ உடல்வலி, நடுக்கம், வாந்தி, உறக்கமின்மை, பேரச்சம் ஆகியன வந்து வாட்டுகின்றன. தொடக்கத்தில் இன்பத்திற்காக உட்கொண்டவன் இறுதியில் துன்பத்தினின்று தப்புவதற்காகவே உட்கொள்கிறான்.

இவ்விடத்தில் நம் முன்னோர் வினைகளுக்குக் கூறிய உவமைகளை நினைவுகூர்தல் பொருந்தும். இன்ப துன்ப நுகர்ச்சியைத் தரும் வேதனீய வினைக்குத் தேன் தடவிய வாளின் கூர்முனையை நக்குதலை உவமை கூறினர். உயிரின் காட்சியையும் ஒழுக்கத்தையும் மயக்கும் மோகனீய வினைக்குக் கள்ளையே உவமையாக்கினர். தேனின் சுவை ஒரு நொடி. நாக்கில் விழும் வெட்டோ நெடுநாள் வேதனை. இவ்வுவமை எதையும் உணர்ந்தறியாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் எளிதில் விளங்கும். வீட்டில் எடுத்துச் சொல்லத்தக்கது.

"இலைதானே?" என்னும் வாதம்

நம் வீட்டுப் பிள்ளைகள் சிந்திக்கத் தெரிந்தவர்கள், வாதிடவும் தெரிந்தவர்கள். அவர்களுள் ஒருவன் இவ்வாறு கேட்கக்கூடும்: "கள், ஊன், தேன் மூன்றையும் நீக்குமாறு இல்லறத்தார்க்குரிய மூலகுணங்கள் கூறுகின்றன. கள்ளில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றி மடிகின்றன. ஆதலால் அது ஆகாது. கஞ்சா வெறும் இலை. மாத்திரை வெறும் மருந்து. இவற்றில் எந்த உயிர் கொல்லப்படுகிறது?"

இக்கேள்வியைக் கேட்டுச் சினந்து எழுதல் தகாது. விடை சொல்லுதல் வேண்டும். நம் நூல்கள் கள்ளை விலக்கியதற்கு நுண்ணுயிர்க் கொலை ஒரு காரணம். மயக்கம் மற்றொரு காரணம். வினைக்கட்டு உண்டாவதற்குரிய காரணங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாக எண்ணுகிறது. அவற்றுள் பிரமாதம் என்னும் சோர்வும் ஒன்று. இம்சைக்கு அந்நூல் கூறும் இலக்கணத்திலும் இப்பிரமாதமே அடிப்படையாக அமைகிறது. விழிப்பற்ற மனம், சொல், செயல்களால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை. எனவே ஒரு பொருளில் உயிர் இருக்கிறதா என்பதோடு ஆராய்ச்சி முடிவதில்லை. அப்பொருள் என் விழிப்பை அழிக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். நடக்கும்போது எறும்பை மிதியாமல் காப்பது விழிப்பே. அவ்விழிப்பை விலைகொடுத்து அழித்துக்கொள்வோன் அகிம்சையின் வேரையே அறுத்துக்கொள்கிறான்.

இலை என்பதாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது. எட்டியும் இலைதான், ஊமத்தையும் இலைதான். இளவயதில் கஞ்சாவை மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. நினைவாற்றலும் கவனமும் குன்றுகின்றன.

"என் உடல், என் விருப்பம், இதனால் பிறர்க்கு என்ன கேடு?" என்பது மற்றொரு வாதம். தாயின் கண்ணீரையும் தங்கையின் அச்சத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்வாதத்தை அதன் போக்கிலேயே பார்ப்போம். விருப்பத்தின்படி செய்தல் உரிமையானால், விருப்பம் நம்முடையதாக இருக்கும்வரைதான் அவ்வுரிமை உண்டு. முதல்நாள் எடுத்தபோது அவன் விரும்பினான். விட்டுவிடவும் அவனால் முடிந்தது. நூறாம் நாள் அவனே விட விரும்பினாலும் விட முடிவதில்லை. எந்த உரிமையைச் சொல்லி அவன் தொடங்கினானோ அதனையே போதைப்பொருள் உண்டுவிட்டது. விரதம் என்பது இதற்கு நேர்மாறானது. மனம் தன் வயத்தில் இருக்கும்போதே, பின்னொரு நாள் அது தடுமாறக்கூடும் என அறிந்து தானே வேலியிட்டுக்கொள்வது விரதம். பிள்ளைகளுக்கு அதனைத் தடையாகக் காட்டாமல் பாதுகாப்பாகக் காட்டுதல் பெரியோர் கடமை.

குற்றமா? நோயா?

இனி, தவறி விழுந்துவிட்ட பிள்ளையை எவ்வாறு கருதுவது? அவன் குற்றவாளியா, நோயாளியா? ஒருசாரார் "வேண்டுமென்றே செய்தான்; அனுபவிக்கட்டும்" என்பர். மற்றொரு சாரார் "அது மூளையைப் பற்றிய நோய், அவன் மேல் பிழையில்லை" என்பர். ஒரு பொருளை ஒரே நோக்கில் கண்டு முடிவு கட்டலாகாது என்னும் அநேகாந்தம் நமக்கு இங்கே துணை செய்கிறது. முதல் அடியைப் பொறுத்தவரை அதில் அவன் பிழை உண்டு. பதினாறு வயதின் அறியாமையும் தோழரின் வற்புறுத்தலும் அப்பிழையின் அளவைக் குறைக்கின்றன. இன்றைய நிலையைப் பொறுத்தவரை அது நோய். அறிவுரையால் மட்டும் நீங்காது. மீட்சியைப் பொறுத்தவரை அவன் முயற்சி இன்றியமையாதது; ஆனால் தனியே அவனால் இயலாது. மூன்றும் ஒருங்கே உண்மை.

முதல் உண்மையை மட்டும் பிடித்தவர் பிள்ளையை அடித்துத் துரத்துவர். இரண்டாவதை மட்டும் பிடித்தவர் அவன் கேட்கும் பணத்தையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பர். மூன்றையும் ஏற்றவரே மருத்துவரிடம் அழைத்துச் செல்வர்; திரும்பி வந்தபின் அவன் உழைப்பையும் எதிர்பார்ப்பர்.

உயிரின் இயல்பு பற்றி நாம் கொண்டுள்ள கொள்கையும் இதற்கு ஆதரவாகும். எவ்வளவு வினை சூழ்ந்தாலும் உயிரின் அறிவுத்தன்மை அழிவதில்லை. மேகம் மூடிய கதிரவன் போல் மறைந்திருக்கிறது. போதையில் விழுந்த பிள்ளையும் அவ்வாறே. அவனை "உருப்படாதவன்" என்று தீர்த்துவிட நமக்கு உரிமையில்லை.

மறைத்தல் எப்போது அறமாகும்?

உபகூஹனத்துக்கு எடுத்துக்காட்டாக நூல்கள் கூறும் ஜினேந்திர பக்தரின் வரலாற்றை நினைவுகொள்வோம். தாமிரலிப்தி நகரத்து வணிகரான அவர் பார்சுவநாதர் திருவுருவத்தின் குடையில் விலையுயர்ந்த வைடூரியமணி ஒன்றைப் பதித்திருந்தார். அதனைக் கவரக் கருதிய திருடன் ஒருவன் துறவு வேடம் பூண்டு அவரிடம் வந்து தங்கினான். நள்ளிரவில் மணியை எடுத்துக்கொண்டு ஓடும்போது காவலரிடம் அகப்பட்டான். வணிகரோ, அறவேடத்துக்குப் பழி வாராதிருக்க, "என் சொற்படியே அவர் மணியைக் கொண்டுவந்தார்" என்று கூறிக் காவலரை அனுப்பிவிட்டார்.

பெரும்பாலும் நாம் கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். அதன்பின் நடந்ததையும் கருத வேண்டும். அவர் மணியைத் திரும்பப் பெற்றார், திருடனைத் தனியே வைத்துக் கடிந்துரைத்தார், அங்கிருந்து அகற்றினார். வெளியார் கண்ணுக்குக் குற்றம் மூடப்பட்டது. குற்றவாளியின் முன் அது திறந்து வைக்கப்பட்டது. திருட்டும் தொடரவில்லை. மூடியதற்குக் காரணம் தம் பெருமையன்று, அறத்தின் பெருமை.

ஸ்திதிகரணத்துக்கு எடுத்துக்காட்டு சிரேணிக மன்னரின் மகனாகிய வாரிஷேணர். அவரோடு துறவு பூண்ட நண்பர் புஷ்படாலரின் உள்ளம் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் விட்டு வந்த இல்லத்தையே நாடிக்கொண்டிருந்தது. வாரிஷேணர் அவரை இகழவில்லை. கூட்டத்தினின்று விலக்கவும் இல்லை. உடன் அழைத்துக்கொண்டு அரண்மனைக்கே சென்று, தாம் துறந்து வந்த செல்வத்தையெல்லாம் காட்டி, நண்பர் தாமே உண்மையை உணரும்படி செய்தார். தடுமாறுவோனோடு தாமும் நடந்து செல்லும் பொறுமையே ஸ்திதிகரணம்.

இவ்விரு வரலாறுகளையும் உரைகல்லாகக் கொண்டு நாம் முதலில் எண்ணிய இல்லத்தைப் பார்த்தால் விடை தெளிவாகிறது. பிள்ளையின் பெயரை ஊரார் வாயினின்று காப்பது உபகூஹனம், தவறில்லை. அவனது நோயை மருத்துவரிடமிருந்தும் மறைத்தால் அது உபகூஹனம் ஆகாது. தூக்கி நிறுத்துவதற்காக மூடுவது அறம். மூடிவிட்டு அங்கேயே கிடக்க விடுவது, குடும்பத்தின் மதிப்பு என்னும் மானக் கஷாயத்துக்கு ஓர் உயிரைப் பலியிடுவதாகும். மேற்கூறிய 2019-ஆம் ஆண்டு ஆய்வு இவ்வகை மறைப்பின் விளைவையும் நமக்கு உணர்த்துகிறது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரும், சட்டம் விலக்கிய போதைப்பொருள்களுக்கு அடிமையானோரில் 20 பேருக்கு ஒருவருமே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தனர். வசதிக் குறைவு அதற்கு ஒரு காரணம்; நாணம் மற்றொரு காரணம்.

பெயரை மறைத்து நோயைத் திறக்கும் நெறியை உலகம் நடைமுறையிலும் கண்டுள்ளது. அமெரிக்க நாட்டின் அக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்னும் இருவர் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். அங்கே வருவோரின் முழுப்பெயரை எவரும் கேட்பதில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் அடிமைத்தனத்தைத் தம்போன்றவர் முன் ஒளிக்காமல் கூறுகின்றனர். அதன் கூட்டங்கள் நம் மாநிலத்திலும் நடைபெறுகின்றன.

சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் செய்தது மற்றொரு சான்று. புகழ்பெற்ற தொழிற்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அவர், மதுவால் தம் கணவரை இழந்தார். அத்துயரைக் குடும்ப இரகசியமாகப் புதைத்துவிடாமல், கணவரின் பெயராலேயே 1980-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவி, போதைக்கு அடிமையானோர்க்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனையையும் நடத்தினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் வாய் திறந்ததால் அக்குடும்பத்தின் மதிப்பு குன்றவில்லை. எண்ணற்ற குடும்பங்கள் பிழைத்தன.

சட்டம் கைவிடுவதில்லை

"மருத்துவமனைக்குச் சென்றால் காவல்துறைக்குத் தெரிந்துவிடும், வழக்கு வரும்" என்னும் அச்சம் பல பெற்றோரைத் தடுக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விற்போர்க்கும் கடத்துவோர்க்கும் கடுந்தண்டனை விதிப்பது உண்மையே. ஆயினும் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, அரசு ஏற்பு பெற்ற மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெறுவானாயின் அவனுக்கு வழக்கினின்று விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அவ்விலக்கு நீக்கப்படலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் நேரும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்னும் சொல்லுள் அடக்கி, நோயாளி பற்றிய செய்திகளை மருத்துவர் வெளியிடாமல் காப்பதை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. உபகூஹனமும் ஸ்திதிகரணமும் இவ்வாறு நாட்டின் சட்டத்திலும் இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம்.

சிறுவரை இத்தீமைக்குள் இழுப்போர் மீது சட்டம் கடுமை காட்டுகிறது. 18 வயது நிரம்பாதவர்க்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ தருவோர்க்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. பள்ளி அருகே அத்தகைய கடை இருந்தால், பெற்றோர் சிலர் ஒன்றுகூடி முறையிடுதல் ஊர் முழுவதற்கும் செய்யும் அறம்.

இல்லத்தார் செய்யத்தக்கவை

வருமுன் காத்தலே சிறந்தது. தந்தை பிள்ளையோடு நாள்தோறும் சிறிது நேரமேனும் மனம்விட்டுப் பேசுதல் வேண்டும். மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கேட்கும் வீட்டில் பிள்ளை மற்றெதையும் சொல்ல மாட்டான். விடுதிக்கு அனுப்பும் முன்னரே, "ஒருநாள் எவரேனும் உன்னிடம் நீட்டுவர், அப்போது என்ன சொல்வாய்?" என்று கேட்டு, மறுக்கும் சொல்லை அவனே ஆயத்தம் செய்துகொள்ளும்படி பழக்க வேண்டும். தேனைக்கூட மறுக்கப் பழகிய நாவு அது, இதனையும் மறுக்கும். பெரியோர் தாம் புகையிலை மென்றுகொண்டு பிள்ளைக்கு அறிவுரை கூறினால் அவ்வறிவுரை காற்றில் போகும்.

உறக்கம், உணவு, படிப்பு, நட்பு ஆகியவற்றில் திடீர் மாற்றம், காரணமற்ற சினம், காணாமற்போகும் பணம், கண் சிவப்பு, எந்நேரமும் முழுக்கைச் சட்டை ஆகியன கண்டால் எச்சரிக்கை கொள்க. இவை வேறு மனத்துயரின் அடையாளங்களாகவும் இருக்கலாம்; ஆதலால் குற்றம் சாட்டும் குரலில் தொடங்காமல் அன்போடு விசாரிக்க.

உண்மை தெரிந்துவிட்டால் அறையில் பூட்டி வைத்தல் கூடாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர்களும் தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களும் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஹெராயின் வகையினின்று சிலநாள் விலகியிருந்தவன் மீண்டும் பழைய அளவை எடுத்தால், உடல் அதனைத் தாங்கும் ஆற்றலை இழந்திருப்பதால் மூச்சு நின்று இறக்கவும் கூடும். எனவே மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 14446 என்னும் நாடளாவிய இலவசத் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம்.

சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஒருமுறை வழுக்கினால் நம்பிக்கை இழக்க வேண்டா. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மீண்டும் ஏறுவது போன்றதே அது. சூழலை மாற்றினால் மீட்சி எளிதாகும் என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமைப்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் பற்றி லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளர் 1970-களில் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டோர் அவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே என்று கண்டார். பழைய கூட்டமும் பழைய இடமும் மாறியது அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. மீண்டு வரும் பிள்ளைக்கு நற்கூட்டம் வேண்டும். அதனைத் தரவேண்டியவர்கள் நாமே.

ஆகவே, அன்பர்களே, இவ்வாறு மீண்டு வந்த ஓர் இளைஞன் நம் ஆலயத்துக்கு வரும்போது, அவனைச் சுட்டிக்காட்டி முணுமுணுக்கும் வாய் நம்முடையதாக இருத்தல் கூடாது. அவன் தங்கைக்கு வரன் பேசும்போது அதனைக் குறையாக எடுத்துக்கூறும் நாவும் நம்முடையதாக இருத்தல் கூடாது. நம் நாவுக்கு அஞ்சியே ஒரு தந்தை கதவைச் சாத்துகிறார் என்றால், அக்கதவுக்குள் நலிந்து அழியும் பிள்ளையின் துயரில் நமக்கும் பங்கு உண்டு. நாம் நாவைக் காத்தால் அவர் கதவைத் திறப்பார். மருத்துவரிடம் பிள்ளையை அழைத்துச் செல்வார். குற்றத்தை மூடும் அங்கமும் வழுவியோரைத் தாங்கும் அங்கமும் நம் ஊர்கள்தோறும் ஒன்றாக விளங்குக! நம் இளைய தலைமுறை விழிப்போடு வாழ்க!